விண்வெளிப் படங்களில் எந்தப் பிழையை மன்னிக்கலாம், எதை மன்னிக்க முடியாது?

இந்தக் கேள்வி வந்தாலே, வெற்றிடத்தில் வெடிச்சத்தம் கேட்கிறதே என்றுதான் பலரும் ஆரம்பிப்பார்கள். எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பின்னணி இசையும்தான் அங்கே கேட்கக் கூடாது. அதற்காக யாரும் சண்டைக்குப் போவதில்லையே!

என் அளவுகோல் வேறு. கதாநாயகனைச் சிக்கலில் மாட்டிவிடும் பிழையைப் பொறுத்துக்கொள்வேன். கதை நகர ஏதோ ஒரு சாக்கு வேண்டும். ஆனால் அவனைக் காப்பாற்றுவதற்காக இயற்பியலை வளைத்தால், அதுவரை நான் பதறிய பதற்றத்துக்கு என்ன மரியாதை? (இனி வருவதில் கதை முடிச்சுகள் அவிழும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

'தி மார்ஷியன்' (2015) புயலோடு தொடங்குகிறது. செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் காற்று, இங்கே 20 கிலோமீட்டர் வேகக் காற்றின் அளவுக்குத்தான் தள்ளும். அது ராக்கெட்டைச் சாய்க்காது. நாவலாசிரியர் ஆண்டி வியரே இதைத் தெரிந்துதான் எழுதியதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். போகட்டும், நாயகனைச் செவ்வாயில் தனியே விட்டுவிட்டு வர ஒரு காரணம் வேண்டுமே. அதன் பிறகு ஹைட்ரசீன் என்ற ராக்கெட் எரிபொருளிலிருந்து தண்ணீர் எடுப்பது, உருளைக்கிழங்கை எண்ணி எண்ணி உண்பது என்று கதை ஒழுங்காகக் கணக்குப் பார்க்கிறது. கடைசியில் கையுறையைக் கிழித்து, பீய்ச்சும் காற்றின் உந்துதலில் பறந்து தப்பிக்கும் காட்சியில்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. நாவலில் அந்த யோசனை பேச்சோடு நின்றுவிடும். படம் அதையே உச்சக்காட்சி ஆக்கிவிட்டது.

'கிராவிட்டி' (2013) இன்னும் துணிச்சல். ஹபிள் தொலைநோக்கியிலிருந்து பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு, முதுகில் கட்டிய உந்துகருவியோடு போய்விடுகிறார்கள். ஹபிளின் சுற்றுப்பாதை பூமத்திய ரேகைக்கு 28.5 பாகை சாய்வு, நிலையத்தினுடையது 51.6 பாகை. இந்தச் சாய்வை ஈடுகட்ட மட்டுமே திசைவேகத்தை நொடிக்குக் குறைந்தது 3 கிலோமீட்டர் மாற்ற வேண்டும். 1984இல் நாசா வீரர்கள் முதுகில் மாட்டிப் பறந்த கருவியால், உந்துவாயு தீரும்வரை இயக்கினாலும், நொடிக்குச் சுமார் 25 மீட்டர்தான் மாற்ற முடியும். நூறு மடங்குக்கும் மேல் பற்றாக்குறை.

'இன்டர்ஸ்டெல்லர்' (2014) எனக்கு மிகவும் பிடித்த படம். அதனால்தான் அதன் மேல் கோபமும் அதிகம். பூமியிலிருந்து கிளம்பும்போது அந்தச் சிறிய கலத்தை மேலே தூக்கப் பல அடுக்கு ராக்கெட் தேவைப்படுகிறது. பூமியைவிட 30 சதவீதம் ஈர்ப்பு கூடுதலான மில்லரின் கோளிலிருந்து (கதையில் முன்னரே அங்கே போய் இறங்கிய வீராங்கனை மில்லர்) அதே கலம் தன்னந்தனியாக எழும்பிவிடுகிறது. விண்வெளியின் குறுக்குவழியான புழுத்துளையை நம்பச் சொன்னார்கள், நம்பினேன். இதை நம்ப முடியவில்லை.

அதே கோளில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. அது அறிவியல் பிழையே அல்ல, கதைப்பிழை. என் அளவுகோல் அதற்கு உதவாது. பக்கத்திலுள்ள கருந்துளையின் ஈர்ப்பால், அங்கே ஒரு மணி நேரம் என்றால் பூமியில் ஏழு ஆண்டுகள். இது இறங்குவதற்கு முன்பே குழுவுக்குத் தெரியும். மில்லர் பூமியை விட்டுப் புறப்பட்டுப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன என்பதும் தெரியும். ஏழால் வகுத்தால் போதும்: அவர் அங்கே இறங்கி இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. மில்லரிடமிருந்து அத்தனை ஆண்டுகளாக வந்த சமிக்ஞை என்று நம்பியது, தரையிறங்கிய முதல் சில நிமிடங்களின் செய்திதான். அதுவும் இயல்பாக வந்து சேராது. ஒரு மணிக்கு ஏழு ஆண்டு என்றால் ஏறக்குறைய 61,000 மடங்கு. அங்கே ஒரு நொடியில் அனுப்பியது வெளியே 17 மணி நேரத்துக்கு நீண்டு, அதிர்வெண் சரிந்து வந்திருக்கும். அதைப் பெற்ற கணத்திலேயே 'இங்கே ஏதோ சரியில்லை' என்று பொறியாளர்கள் துள்ளியிருக்க வேண்டாமா?

ஆனால் விஞ்ஞானிகளான அந்தக் குழுவினருக்குத் தண்ணீரில் நின்றுகொண்டுதான் இது உறைக்கிறது. கருந்துளையின் தோற்றத்துக்கு, பின்னாளில் 2017இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கிப் தார்னின் சமன்பாடுகளைப் பயன்படுத்திய படம் இது. அந்த ஒரு வகுத்தலை மட்டும் யாராவது கப்பலிலேயே போட்டுப் பார்த்திருந்தால், மேலே கப்பலில் இருந்த சக வீரர் ரோமிலி 23 ஆண்டுகள் தனியாகக் காத்துக்கிடந்திருக்க வேண்டியதில்லை.