முகவரியை வலது பக்கமிருந்து படியுங்கள் (வாசகர் கேள்வி பதில்)

மெயிலில் வரும் லிங்க், பாஸ்வேர்டு பற்றி டெல்டா மாவட்ட வாசகர்கள் கேட்டவை. படிக்க வசதியாக இணைய முகவரிகளையும் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: "பிஎம் கிசான் தவணை நிறுத்தப்பட்டது, இன்று இரவுக்குள் இ-கேஒய்சி முடிக்கவும்" என்று மெயில் வந்திருக்கிறது. லிங்கில் அரசுத் தளத்தின் பெயர் அப்படியே இருக்கிறது. நம்பலாமா?
(விவசாயி, திருத்துறைப்பூண்டி)

பதில்: நீங்கள் எழுதி அனுப்பிய முகவரி இது: பிஎம்கிசான்.ஜிஓவி.இன்.கேஒய்சி-அப்டேட்.டாப்/லாகின். இடது பக்கமிருந்து படித்தால் அரசாங்கத் தளம்தான். அப்படிப் படிப்பீர்கள் என்று நம்பித்தான் மோசடிக்காரன் அனுப்பியிருக்கிறான்.

தபால் முகவரியை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் வரியில் யார் பெயரை எழுதினாலும், கடிதம் போய்ச் சேருவது கடைசி வரியில் இருக்கும் ஊருக்கும் பின்கோடுக்கும்தான். இணைய முகவரியிலும் ஊர் கடைசியில்தான் இருக்கிறது. எச்டிடிபிஎஸ், அடுத்து இரண்டு சாய்கோடு, இவற்றைத் தாண்டியதும் வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அதற்கு வலப்புறம் இருப்பது எதுவானாலும் விட்டுவிடுங்கள். அந்தக் கோட்டிலிருந்து இடது பக்கமாக நடந்து வாருங்கள்: டாப், கேஒய்சி-அப்டேட். இந்தத் தளத்தின் சொந்தக்காரர் இவர்தான். அதற்கும் இடப்புறம் உள்ள "பிஎம்கிசான்.ஜிஓவி.இன்" என்பது அவர் தன் வாசலில் மாட்டிக்கொண்ட பலகை. கீற்றுக் கொட்டகையில் "அரண்மனை" என்று எழுதி மாட்ட யார் அனுமதியும் வேண்டாம் அல்லவா? அதுபோலத்தான்.

உண்மையான முகவரி பிஎம்கிசான்.ஜிஓவி.இன் என்பதோடு முடியும். அடுத்த எழுத்து சாய்கோடாகத்தான் இருக்கும். ஜிஓவி.இன் என்று முடியும் முகவரி அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். வங்கிகளும் 2025 அக்டோபர் 31-க்குள் பேங்க்.இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கி அல்லாதவர்களுக்கு அந்த முகவரி கிடைக்காது. ஆகவே வங்கியின் பெயரில் வந்த லிங்கின் வால் பேங்க்.இன் ஆக இல்லையென்றால் அங்கே பாஸ்வேர்டு போடாதீர்கள்.

மெயிலில் நீல நிறத்தில் தெரிவது வெறும் எழுத்து. அதன் அடியில் வேறு முகவரியை ஒளித்து வைக்கலாம். போனில் லிங்கைத் தட்டாமல் அழுத்திப் பிடித்தால் உண்மையான முகவரி மேலே வரும். கம்ப்யூட்டரில் மவுஸை அதன்மேல் வைத்தால் திரையின் இடது கீழ்மூலையில் தெரியும். பார்க்கும்போது மூன்று இடங்களில் கண் ஏமாறும். ஆங்கில ஆர், என் இரண்டும் ஒட்டி நின்றால் எம் போல இருக்கும். ஓவுக்குப் பதில் சைபர், எல்லுக்குப் பதில் ஒன்று போட்டிருப்பார்கள். முதல் சாய்கோட்டுக்கு முன்னால் அட் குறி வந்தால், அந்தக் குறிக்கு முன்னால் எழுதியிருக்கும் எதையும் பிரவுசர் தளமுகவரியாக எடுத்துக்கொள்ளாது. பிட்.எல்ஒய் போன்ற சுருக்க லிங்க்குகளுக்கு இந்தக் கணக்கு எதுவும் உதவாது. அதன் முடிவில் ஒரு கூட்டல் குறி சேர்த்துத் திறந்தால் எங்கே போகிறது என்று மட்டும் காட்டும்.

இத்தனையும் பார்க்கப் பொறுமை இல்லையா? லிங்கைத் தொடாமல், தளத்தின் முகவரியை நீங்களே டைப் செய்து உள்ளே போங்கள். தவணை நிலவரம் அங்கேயே தெரியும். அல்லது பொது சேவை மையத்தில் விரல் ரேகை வைத்து இ-கேஒய்சி முடியுங்கள். வருடத்துக்கு 6,000 ரூபாய், தவணைக்கு 2,000. அதற்காகச் சம்பா சாகுபடிக் கடன் வந்து விழும் கணக்கையே திறந்து காட்டிவிடக் கூடாது.

இதே சேதி வாட்ஸ்அப்பில் ஏபிகே என்று முடியும் ஃபைலாகவும் வருகிறது. பயிர்க் காப்பீட்டுப் பட்டியல், போக்குவரத்து அபராதம், கல்யாணப் பத்திரிகை என்று பெயர் மட்டும் மாறும். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். ஏபிகே என்பது ஆப். நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், கொடுத்தால் ஓடிபி நேராக அவனிடம் போகும். நிறுவிவிட்டீர்களானால் உடனே ஏரோபிளேன் மோடு போட்டு, வைஃபையையும் அணையுங்கள். வேறு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு அந்த ஆப்பை நீக்கி, போனை ஃபேக்டரி ரீசெட் (எல்லாவற்றையும் அழித்து, வாங்கிய நாள் நிலைக்குக் கொண்டுவருவது) செய்யுங்கள். ஆப்பை மட்டும் நீக்கினால் அதனுடன் சேர்ந்து இறங்கியது தங்கிவிடலாம்.

கேள்வி: வெண்கலச் சிலை வார்ப்புப் பட்டறை நடத்துகிறோம். பல வருடமாக வாங்கும் வெளிநாட்டு வாடிக்கையாளரின் மெயிலிலிருந்து "சிலை வரைபடம்" என்று லிங்க் வந்தது. கூகுள் லாகின் பக்கம் திறந்தது. பாஸ்வேர்டு தவறு என்றது. மறுபடி போட்டதும் ஒரு படம் திறந்தது. ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது.
(பட்டறை உரிமையாளர், சுவாமிமலை)

பதில்: உங்கள் சந்தேகம் சரி. முதல் முறை "தவறு" என்று சொன்னதே ஏற்பாடுதான். இரண்டு முறை வாங்கி ஒப்பிட்டால் எழுத்துப்பிழை இருக்காது. கடைசியில் படம் திறந்ததும் நீங்கள் சந்தேகப்படாமல் இருக்கத்தான். அனுப்பியவர் முகவரி அசலாகவே இருந்திருக்கும், ஏனென்றால் பெரும்பாலும் இவை ஏற்கெனவே திருடப்பட்ட வாடிக்கையாளரின் மெயில் பெட்டியிலிருந்தே வருகின்றன. "தெரிந்தவர் அனுப்பியது" என்பது லிங்குக்குச் சான்று ஆகாது.

இந்த வரிசையில் செய்யுங்கள். போன் செட்டிங்ஸில் கூகுள் என்ற பகுதிக்குள் போய்ப் பாதுகாப்புப் பக்கத்தில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதே பக்கத்தில் "உங்கள் சாதனங்கள்" பட்டியலைத் திறந்து, உங்களுடையது இல்லாத போன், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். அவன் மாற்றியிருந்தாலும், பழைய எண்ணுக்கே குறியீடு பெறும் வாய்ப்பைக் கூகுள் 7 நாள் வரை தரக்கூடும். தள்ளிப் போடாதீர்கள்.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். மாட்டுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். கம்ப்யூட்டர் பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து, பல்சக்கரக் குறி, "எல்லா அமைப்புகளையும் பார்", அதற்குள் ஃபில்டர்கள் பகுதி, பிறகு ஃபார்வர்டிங் பகுதி, இரண்டையும் பாருங்கள். "இன்வாய்ஸ்" என்ற சொல் இருக்கும் மெயிலை வேறு முகவரிக்கு அனுப்பிவிட்டு உங்கள் பெட்டியிலிருந்து அழித்துவிடு என்று ஒரு ஃபில்டர் அங்கே உட்கார்ந்திருக்கலாம். பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் அது போகாது. போன் ஆப்பில் தெரியவும் தெரியாது. நீங்கள் போடாதது எதுவானாலும் நீக்குங்கள்.

அவனுக்கு வேண்டியது உங்கள் மெயில் இல்லை, அடுத்த பில். சிலை முடிந்து பணம் வரும் வாரம் பார்த்து, உங்கள் பெயரில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று வாடிக்கையாளருக்கு எழுதுவான். ஆகவே இன்றே அவரைப் போனில் அழையுங்கள். கணக்கு எண் மாற்றம் இருந்தால் குரலில் பேசி உறுதி செய்யாமல் பணம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவருடைய பெட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு, பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். ஆனால் எஸ்எம்எஸ் ஓடிபியும் போலிப் பக்கத்தில் டைப் செய்துவிடக்கூடியதுதான். பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக, போனைத் திறக்கும் விரல் ரேகை அல்லது பின் கொண்டே உள்ளே போகும் முறை) அப்படி இல்லை. எந்தத் தளத்துக்காக உருவானதோ அந்த முகவரியில் மட்டுமே அது வேலை செய்யும். போலித் தளத்தில் நீங்களே கொடுக்க நினைத்தாலும் கொடுக்க முடியாது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டும் இதே மாதிரிதான்: வழக்கமாகத் தானாக நிரம்பும் பெட்டி ஒருநாள் காலியாக நின்றால், எரிச்சலில் கையால் டைப் செய்யாதீர்கள். முதலில் முகவரியைப் பாருங்கள்.

கேள்வி: பள்ளியின் பெயரோடு வருடத்தைச் சேர்த்து ஒரே பாஸ்வேர்டு வைத்திருக்கிறேன். ஜனவரியில் வருடத்தை மாற்றிவிடுவேன். நோட்டில் எழுதி வைக்கலாமா?
(ஆசிரியை, மன்னார்குடி)

பதில்: எழுதி வைக்கலாம். வேறு நாட்டில் இருப்பவனால் உங்கள் வீட்டு பீரோவைத் திறக்க முடியாது. நோட்டைப் போட்டோ எடுத்து வைப்பதும், வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பிக்கொள்வதும்தான் வேண்டாம். ஏடிஎம் பின் மட்டும் நோட்டில் ஏற வேண்டாம்.

உங்கள் பாஸ்வேர்டின் கோளாறு வேறு. ஏதோ ஒரு சிறு கடையின் தளத்திலிருந்து அது கசிந்தால், அதே மெயில், அதே பாஸ்வேர்டு ஜோடியை வங்கி, மெயில் என்று எல்லா வாசலிலும் இயந்திரம் தட்டிப் பார்க்கும். 2024 வேலை செய்யவில்லையென்றால் 2025, 2026 போட்டுப் பார்க்க அதற்கு ஒரு நொடி ஆகாது. வருடா வருடம் மாற்றும் வழக்கத்தையே விட்டுவிடலாம். கசிந்ததாகத் தெரிந்தால் மட்டும் மாற்றினால் போதும் என்றுதான் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டும் சொல்கிறது.

சின்ன எழுத்து 8 மட்டும் போட்டால் வரக்கூடிய சேர்க்கைகள் சுமார் 20,882 கோடி. பெரிய எண்ணாகத் தெரிகிறது. வேகமான கணினிக்கு அது நிமிடக் கணக்கு. நீளம்தான் காப்பாற்றும். அகராதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து இடத்தில் பிரித்து, விரல் பட்ட ஐந்து சொல்லை ஆங்கில எழுத்தில் வரிசையாக எழுதுங்கள். திருகை, நண்டு, ஜமுக்காளம் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் வர வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த குறளோ பாட்டு வரியோ வேண்டாம். நமக்கு மனப்பாடம் ஆனது திருடர்கள் முயன்று பார்க்கும் பட்டியலிலும் இருக்கும். முதலில் மெயிலுக்கு மாற்றுங்கள், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கின் "மறந்துவிட்டேன்" லிங்கும் அங்கேதான் வருகிறது. அடுத்து வங்கி. மீதியைப் பாஸ்வேர்டு மேனேஜரே உருவாக்கி நினைவு வைத்துக்கொள்ளட்டும். கூகுள் தரும் 8 இலக்கக் காப்புக் குறியீடுகள் 10-ஐயும் அதே நோட்டில் எழுதுங்கள். போன் தொலைந்த நாளில் உதவும்.

கேள்வி: முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் பயமில்லை என்கிறார்களே?
(மாணவர், திருவாரூர்)

பதில்: வழியில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்பதுதான் பூட்டின் பொருள். மறுமுனையில் இருப்பவன் யோக்கியன் என்று அது சொல்லவில்லை. போலித் தளங்களும் இலவசமாகப் பூட்டு வாங்கிவிடுகின்றன. இந்தக் குழப்பத்தால்தான் குரோம் 2023-இல் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது.

கேள்வி: பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் மெயிலைத் திறந்துவிட்டு அப்படியே வந்துவிட்டேன்.
(வாசகி, கும்பகோணம்)

பதில்: திரும்பப் போக வேண்டாம். மேலே சொன்ன "உங்கள் சாதனங்கள்" பட்டியலில் அந்தக் கம்ப்யூட்டர் இருக்கும். போனிலிருந்தே வெளியேற்றிவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால், வாட்ஸ்அப்பின் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பகுதியில் வெளியேற்றலாம். அடுத்த முறை ஃபைலைக் கடைக்காரர் எண்ணுக்கு அனுப்பி, பிரிண்ட் வந்ததும் எதிரிலேயே அழிக்கச் சொல்லுங்கள். ஆதார் என்றால், ஏற்றுக்கொள்ளும் இடங்களுக்குக் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் நகலையே கொடுங்கள்.

கேள்வி: பணம் போய்விட்டது என்று தெரிந்தால் முதலில் யாரிடம் போவது?
(மீன் வியாபாரி, நாகப்பட்டினம்)

பதில்: சைபர் மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930-க்கு போன். வங்கிக் கிளைக்கு நடந்து போவதெல்லாம் பிறகு. பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி வைக்க முயல்வார்கள். கையில் இருக்க வேண்டியவை: போன நேரம், தொகை, யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண். அடுத்த போன் வங்கிக்கு; புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஓடிபியை நாமே கொடுத்திருந்தாலும், வங்கியிடம் சொன்ன நிமிடத்துக்குப் பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017-இல் சுற்றறிக்கை விட்டது. "பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று சில நாளில் ஒரு அழைப்பு வரலாம். அவனும் அதே கூட்டம்தான்.

கேள்வி: மகன் சிங்கப்பூர் போய்விட்டான். இங்கே உள்ள அவன் எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடலாமா?
(வாசகர், மயிலாடுதுறை)

பதில்: அந்த எண்ணில்தானே வங்கி ஓடிபி வருகிறது? ரத்தான எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். பிறகு உங்கள் மகனின் ஓடிபி அவர் போனில் வரும். வங்கி, ஆதார், மெயில், வாட்ஸ்அப் நான்கிலும் புது எண்ணைப் பதிந்து முடிக்கும்வரை சிறிய தொகைக்காவது ரீசார்ஜ் செய்யுங்கள். வெளிநாட்டு எண்ணை ஆதாரில் சேர்க்க முடியாது என்றால், அந்த சிம்மை உங்கள் போனின் இரண்டாவது இடத்தில் போட்டு உயிரோடு வைத்திருங்கள்.