சில வருடமே ஓடிய ரஷ்யத் தயாரிப்பாளரின் பிளாஸ்டிக் சிப்பாய்கள்: அசலா, விலை தகுமா?

கேள்வி இது: "இணைய ஏலத்தில் சிவப்பு நிறப் பிளாஸ்டிக் செவ்விந்தியர் பொம்மை ஒன்று வந்திருக்கிறது. 1990 வாக்கில் ரஷ்யாவில் ஓரிரு வருடம் மட்டும் ஓடிய சின்னத் தயாரிப்பாளர் செய்தது, ரொம்ப அரிது என்கிறார் விற்பவர். அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்கிற விலை தகுமா?"

விலையை அப்புறம் பார்ப்போம். முதலில் நீங்கள் கேட்க வேண்டியது, அந்தப் பொம்மையின் மோல்டு, அதாவது பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்தி உருவம் எடுக்கிற உலோக அச்சு, இப்போது எங்கே இருக்கிறது என்பதுதான். நான் பிளாஸ்டிக் மோல்டிங் தொழிலில் இருக்கிறேன், இந்தப் பொம்மைப் பைத்தியம் எனக்குப் பிடித்ததே அந்த வழியாகத்தான், அதனால் எதைப் பார்த்தாலும் மோல்டிலிருந்தே யோசிப்பேன், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். பிளாஸ்டிக் சிப்பாயைப் பொறுத்தவரை 'அரிது' என்றால் மோல்டு போய்விட்டது என்று அர்த்தம். மோல்டு எங்காவது கிடங்கில் பத்திரமாகக் கிடந்தால், அடுத்த வருடமே யாராவது அதை மெஷினில் மாட்டி ஆயிரக்கணக்கில் அடித்துவிடலாம்.

இதற்கு ரஷ்யாவுக்கு வெளியே நல்ல உதாரணங்கள் உண்டு. அமெரிக்காவின் மார்க்ஸ் பொம்மைக் கம்பெனி 1919-ல் தொடங்கியது, 1972-ல் குவேக்கர் ஓட்ஸ் வாங்கியது, பிறகு ஒரு பிரிட்டிஷ் நிறுவனத்துக்குக் கைமாறி 1980-ல் முடிந்துபோனது. கம்பெனிதான் போனது, மோல்டுகளில் பல பிழைத்தன, அவற்றிலிருந்து பின்னாளில் மறுபடியும் சிப்பாய்கள் வந்தார்கள். பிளாஸ்டிக் மாடலும் சிப்பாயும் செய்த பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸும் 1981-ல் திவாலாகிக் கைமாறிக் கைமாறி 2006-ல் ஹார்ன்பி என்ற பொம்மை ரயில் கம்பெனியிடம் வந்து சேர்ந்தது. பழைய மோல்டில் புதிதாக அடித்த சரக்கு கடைக்கு வந்தால், பழசை வைத்துக்கொண்டு கூடுதல் விலை கேட்பவருக்கு அந்த விலையை நியாயப்படுத்த வேறு காரணம் வேண்டும், பெட்டியோ, பழைய நிறமோ, ஏதாவது.

ரஷ்யக் கதை வேறு. சோவியத் காலத்தில் பொம்மைத் தொழிற்சாலைகள் கிட்டத்தட்ட எல்லாமே அரசுடையவை. 1242-ல் உறைந்த ஏரிமேல் அலெக்சாண்டர் நெவ்ஸ்கி ஜெர்மானிய வீரர்களை முறியடித்த சண்டையை வைத்து மாஸ்கோவின் புரோகிரெஸ் தொழிற்சாலை ஒரு செட் போட்டது, அது இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் தேடுகிற சாமான். டொனெட்ஸ்க் பொம்மைத் தொழிற்சாலை (சோவியத் சரக்குதான், ஆனால் ஊர் உக்ரைன்) 1980-களில் வைகிங், கடற்கொள்ளையர், எகிப்தியர், ரோமானியர் என்று கண்ணைப் பறிக்கும் நிறங்களில் அடித்தது. பையன்களுக்கு இருந்த வெறிக்கு இதெல்லாம் யானைப் பசிக்குச் சோளப்பொரி. செவ்விந்தியரும் கௌபாயும் வேண்டும் என்றால் பலர் கிழக்கு ஜெர்மனியிலிருந்து வருவதைத்தான் தேடினார்கள், அதுவும் எல்லா ஊரிலும் கிடைக்காது. அந்தக் கிழக்கு ஜெர்மனியே கோய்கோ மிடிச் என்ற யூகோஸ்லாவிய நடிகரைச் செவ்விந்தியராக நடிக்க வைத்து 1966 முதல் வரிசையாகப் படம் எடுத்து சோவியத் தியேட்டர்களுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது, ஆகவே ஆசையும் பொம்மையும் ஒரே இடத்திலிருந்து வந்தன, பொம்மை மட்டும் போதவில்லை.

இந்த இடைவெளியில்தான் உங்கள் ஏலப் பொம்மை பிறந்திருக்கும். 1988 மே மாதம் கோர்பச்சேவ் காலத்துக் கூட்டுறவுச் சட்டம் வந்தது. நம்மூர்க் கூட்டுறவுச் சங்கத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள், அங்கே அந்தப் பெயரில் நடந்தது கிட்டத்தட்டத் தனியார் தொழில்தான், நாலு பேர் சேர்ந்து ஒரு பட்டறை. சிலர் அரசுத் தொழிற்சாலையின் மெஷினையே வாடகைக்கு எடுத்தார்கள். எதை அடித்தால் விற்கும் என்று யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் சிற்பியை வைத்துப் புதிதாக உருவம் செய்ய நேரமும் இல்லை பணமும் இல்லை, ஆகவே கையில் கிடைத்த வெளிநாட்டுப் பொம்மையைப் பார்த்து நகல் மோல்டு. பொம்மையில் பெயர் கிடையாது, முத்திரை கிடையாது, கேட்டலாக் கிடையாது. ரஷ்யச் சேகரிப்பாளர்கள் இந்த வகை முழுவதையும் 'கூட்டுறவுச் சிப்பாய்' என்ற ஒரே பெயரில்தான் சொல்கிறார்கள்.

அப்புறம் 1992. ஜனவரி 2-ஆம் தேதி விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள், அந்த ஒரே வருடத்தில் விலைவாசி சுமார் 26 மடங்கு ஏறியது. இன்று விற்ற பொம்மையின் காசில் நாளைக்கு அதே அளவு பிளாஸ்டிக் குருணை வாங்க முடியாது என்றால் எந்தப் பட்டறை ஓடும்? இன்னொரு பக்கம் சீனச் சரக்கு கப்பலிலும் மூட்டையிலும் வந்து இறங்கியது. பட்டறைகள் மூடின. மூடுகிற பட்டறையில் மோல்டு என்பது வெறும் உலோகம், எடைக்குப் போடுகிற சாமான். உங்கள் பொம்மைக்கு அந்த விலை சொல்கிறார்கள் என்றால், அதன் அடியில் இருக்கிற ஒரே நேர்மையான காரணம் இதுதான். சிலை வடிப்பு அழகு என்றெல்லாம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கூட்டுறவுச் சிப்பாய்களில் பாதிக்கு மூக்கே கிடையாது.

சரி, அசலா என்று பார்ப்பது எப்படி. பொம்மை கைக்கு வந்ததும் முகத்தைப் பார்க்காமல் தலைகீழாகத் திருப்புங்கள். சோவியத் பொருள்களில் விலையையே மோல்டில் வெட்டியிருப்பார்கள், நாடு முழுக்க ஒரே விலை என்பதால் அது சாத்தியம். நிற்கிற தட்டின் அடியில் சின்ன எழுத்தில் இத்தனை கோபெக் (ரூபிளின் பைசா) என்று இருந்தால் அது 1992-க்கு முந்தைய அரசுத் தொழிற்சாலை மோல்டு என்று பெரும்பாலும் நம்பலாம். விலை இருந்த இடம் மட்டும் லேசாக மேடு தட்டியோ வழவழப்பாகவோ இருந்து எழுத்து இல்லை என்றால், எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்த வகை: விலைவாசி பறந்த பிறகு யாரோ மோல்டில் இருந்த எண்ணை அழித்துவிட்டு அதே மோல்டில் தொடர்ந்து அடித்திருக்கிறார்கள். ஒரு நாட்டின் பொருளாதாரம் கவிழ்ந்தது ஒரு பொம்மையின் பாதத்துக்கு அடியில் தெரிகிறது. கூட்டுறவு நகல்களில் பெரும்பாலும் அடிப்பக்கம் மொட்டையாக இருக்கும்.

அடுத்து அளவு. இது பலரும் கவனிக்காத விஷயம், ஆனால் இதைவிட உறுதியான சோதனை குறைவு. பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக் மோல்டுக்குள் ஆறும்போது சுருங்கும், தோராயமாக 2 சதவீதம் என்று வையுங்கள். மோல்டு செய்கிறவர் அந்தச் சுருக்கத்தைக் கணக்கில் வைத்து மோல்டைப் பெரிதாக வெட்டுவார். ஆனால் ஒரு பொம்மையை அப்படியே அச்செடுத்து நகல் மோல்டு செய்தால் அந்தக் கணக்கு இருக்காது. 60 மில்லிமீட்டர் உயரப் பொம்மையின் நகல் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே குட்டையாகிவிடும், நகலின் நகல் இன்னும் குட்டை. வெர்னியர் என்ற நுண் அளவுகோல் வைத்துத் தட்டின் நீளத்தையும் பாதத்திலிருந்து தொப்பி வரையும் அளந்தால் இது எத்தனையாவது தலைமுறை என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஈட்டி, துப்பாக்கி முனையை அளக்காதீர்கள், வளைந்திருக்கும்.

பிசிறையும் பாருங்கள். இரண்டு பாதி மோல்டு சேருகிற கோடு காது வழியாக, தோள் வழியாக, தொடை வழியாக இறங்கும். நல்ல எஃகு மோல்டில் அது நகத்துக்கு மட்டும் தெரிகிற கோடு. அலுமினியம் மாதிரி மென்மையான உலோகத்தில் வெட்டியது சீக்கிரம் தேய்ந்துவிடும், அப்போது அந்தக் கோட்டில் மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு நிற்கும், கைக்கும் இடுப்புக்கும் இடையில் இருக்கிற சந்தே அடைபட்டுப் போயிருக்கும். பழைய பிளாஸ்டிக்கை அரைத்துக் கலந்து அடித்ததில் நிறம் ஓடியிருக்கும், சிவப்புக்குள் பழுப்புத் தாரை, நீலத்துக்குள் வெள்ளைப் புகை. எங்கள் தொழிலில் இப்படி வந்தால் ரிஜெக்ட் பெட்டியில் போடுவோம். சேகரிப்பாளர்கள் இதற்குத்தான் கூடுதலாகக் காசு கொடுக்கிறார்கள்.

இப்போது ஏலத்தில் வருகிற போலிகளைப் பற்றி. அசல் பொம்மையை வைத்து சிலிக்கான் ரப்பரில் அச்செடுத்து, அதில் ரெசின் (ஊற்றினால் இறுகிவிடும் திரவப் பிளாஸ்டிக்) ஊற்றிப் புதிதாக ஒன்று எடுப்பது வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. இதைப் பிடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் போதும். பாலிஎத்திலீன் தண்ணீரைவிட இலேசு, மிதக்கும். ரெசின் மூழ்கும், பிவிசி மூழ்கும், பாலிஸ்டைரீனும் மெதுவாக மூழ்கும். முதலில் பொம்மையை நனைத்து, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழியைத் தட்டிவிட்டுப் பாருங்கள். ஆனால் மூழ்கியது எல்லாம் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள், கடின பாலிஸ்டைரீனில் வந்த அசல் சோவியத் செட்களும் உண்டு. அந்தத் தயாரிப்பாளர் எந்தப் பிளாஸ்டிக்கில் அடித்தார் என்று மற்ற பிரதிகளை வைத்துத் தெரிந்துகொண்டு அதோடு ஒப்பிட வேண்டும். தண்ணீர்ச் சோதனை செய்ய முடியாது, படம் மட்டும்தான் இருக்கிறது என்றால் அடித்தட்டில் பிளாஸ்டிக் உள்ளே பாய்ந்த இடத்தின் காம்புத் தழும்பைத் தேடுங்கள். உருகிய பிளாஸ்டிக்கை மோல்டுக்குள் அழுத்திச் செலுத்தும் இஞ்செக்‌ஷன் மெஷினில் அடித்த பொம்மையில் அந்தத் தழும்பு எங்கோ ஒரு இடத்தில் இருந்தே தீரும். அது எங்குமே இல்லாமல், குண்டூசித் தலை அளவு குமிழிக் குழிகள் மட்டும் அங்கங்கே இருந்தால் நகருங்கள்.

எங்கே வாங்குவது? ரஷ்யாவிலேயே என்றால் பீட்டர்ஸ்பர்க்கில் உதெல்னயா மெட்ரோ பக்கத்தில் வார இறுதியில் கூடுகிற பழம்பொருள் சந்தை, மாஸ்கோவில் இஸ்மாய்லவோ. வேலை விஷயமாகப் போனபோது உதெல்னயாவில் சுற்றியிருக்கிறேன். தரையில் துணி விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிகளிடம் பேரன் விட்டுப்போன பொம்மைகள் பழைய பிஸ்கட் டின்னில் இருக்கும், அவர்களுக்கு எல்லாம் ஒரே விலை. மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை, ஒரு கதை, எல்லாமே 'சோவியத்', எல்லாமே 'அரிது'. நான் டின் பக்கம்தான் போவேன். இணையத்தில் தேடினால் அவிதோ என்ற விளம்பரத் தளமும் மெஷோக் ஏலத் தளமும் அங்கே பிரபலம். பொம்மைச் சிப்பாய்களுக்கான ரஷ்யச் சொல்லான 'சல்தாதிகி'யை ரஷ்ய எழுத்தில் போட்டுத் தேடுங்கள், ஆங்கிலத்தில் தேடினால் வெளிநாட்டுக்காரருக்கென்று வைத்த விலைதான் முதலில் வரும்.

பணம் அனுப்புவதுதான் இப்போது தலைவலி. 2022 மார்ச்சில் விசா, மாஸ்டர்கார்டு, பேபால் எல்லாம் ரஷ்யாவில் சேவையை நிறுத்திவிட்டதால் இங்கிருந்து அந்த அட்டைகளை வைத்து அங்கே வாங்க வழியில்லை. ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிற நம்மூர்ப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள், தெரிந்த வீட்டுப் பிள்ளை விடுமுறைக்கு வரும்போது ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுவரச் சொல்வது இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் செய்கிற ஏற்பாடு. சும்மா கொண்டுவரச் சொல்லாதீர்கள், திரும்பும்போது அம்மா கையால் அரைத்த பொடி வகையாவது கொடுத்தனுப்புங்கள். ஜெர்மனி, இஸ்ரேல் பக்கம் குடியேறிய குடும்பங்களிடமிருந்தும் இந்தச் சரக்கு ஏலத்துக்கு வருகிறது, அங்கே பணம் கட்டுவதில் பிரச்சினை இல்லை.

விலை தகுமா என்பதற்கு என் கருத்து: கூட்டுறவுச் சிப்பாயில் தனி ஒருவருக்காகப் பெரிய தொகை கொடுக்காதீர்கள். பெயரில்லாத தயாரிப்பாளர் என்பதால் 'மொத்தம் எட்டு உருவம், இது எட்டாவது' என்று விற்பவர் சொல்வதைச் சரிபார்க்க எந்தக் காகிதமும் கிடையாது. அதே மோல்டில் அடித்த நாலைந்து உருவங்கள், ஒரே பிளாஸ்டிக், ஒரே மாதிரி அடித்தட்டு, பல நிறம் என்று கூட்டமாக வந்தால் அதற்குக் கொடுக்கலாம், ஒன்றை வைத்து இன்னொன்றைச் சோதிக்க முடியும். மேலே அட்டைத் தலைப்பை ஸ்டேப்ளர் பின்னால் அடித்த பழைய பிளாஸ்டிக் பையோடு வந்தால் பையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பொம்மையைவிடப் பையில்தான் முகவரி இருக்க வாய்ப்பு. ஏலக்காரரிடம் இரண்டு படம் கேளுங்கள்: அடித்தட்டின் கீழ்ப்பக்கம் ஒன்று, பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று. சாக்கு சொன்னால் விட்டுவிடுங்கள்.

வாங்கியபின் ஒரு விஷயம். வெயில் படும் அலமாரி ஆகவே ஆகாது, பாலிஎத்திலீன் வருடக்கணக்கில் வெளிச்சம் பட்டால் முறுகிப்போய் ஒருநாள் எடுக்கும்போது கணுக்காலோடு உடையும், பழைய ஏர்ஃபிக்ஸ் சிப்பாய்களிலும் இந்த நொறுங்கல் உண்டு. மேலே பெயின்ட் அடிக்காதீர்கள், அந்தப் பிளாஸ்டிக்கில் பிடிக்காது, உரிந்து அசிங்கமாகும், விலையும் போகும். அழுக்குக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் போதும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள், பாலிஸ்டைரீனாக இருந்தால் முகம் கரைந்துவிடும். வளையக்கூடிய பிவிசி பொம்மையையும் கடின பாலிஸ்டைரீன் பொம்மையையும் ஒரே டப்பாவில் ஒட்டி வைக்காதீர்கள். பிவிசி கசியவிடும் மென்மையாக்கி மற்றதைத் தின்றுவிடும். தனித்தனி ஜிப் பையில் போட்டு, எங்கே எப்போது வாங்கியது, உயரம் எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி உள்ளே வையுங்கள்.