படுக்கையை நனைக்கும் குட்டி: கேள்வி பதில்

நாய்க்குட்டி கூடத்தில் ஒன்றுக்குப் போனால் யாரும் அவ்வளவாக அலட்டிக்கொள்வதில்லை. தான் படுக்கிற மெத்தையிலேயே போனால்தான் "இதற்கு ஏதோ கோளாறு" என்று பயந்துவிடுகிறார்கள். இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் அதைப் பற்றியே இருப்பதால் ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் குட்டிக்கு ஒன்பது வாரம். வெளியே கூட்டிப்போனால் வேடிக்கை பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறது. உள்ளே வந்ததும் நேராக மெத்தையில் ஏறி ஒன்றுக்குப் போகிறது. வேண்டுமென்றே செய்கிறதா?

அந்த வயதில் அவ்வளவு சூது கிடையாது. பிறந்த முதல் மூன்று வாரத்துக்குக் குட்டிக்குத் தானாகப் போகத் தெரியாது. தாய் நக்கிவிட்டால்தான் வரும், அதைத் தாயே சுத்தமும் செய்துவிடும். நடக்கத் தொடங்கியதும் படுத்த இடத்தை விட்டு நாலடி தள்ளிப்போய் ஒன்றுக்குப் போகும். எட்டு, ஒன்பது வாரத்தில் 'காலுக்கு அடியில் எது இருந்தால் போகலாம்' என்ற பழக்கம் படிய ஆரம்பிக்கும். அதுவரை அது வளர்ந்த இடத்தில் துணியோ, சிறுநீரை உறிஞ்சும் பேடோ விரித்திருந்தால், மெத்தென்று எது காலில் பட்டாலும் அதுதான் கழிப்பிடம். உங்கள் மெத்தை மெத்தென்றும் இருக்கிறது, ஈரத்தை உடனே உறிஞ்சியும் கொள்கிறது. போனபின் கால் நனையாது. குட்டிக்கு இதைவிட வசதியான இடம் எங்கே கிடைக்கும்?

கொஞ்ச நாளைக்கு மெத்தையை எடுத்துவிடுங்கள். ரப்பர் பாயோ, ஒற்றையாக விரித்த மெல்லிய துணியோ போதும். கூடவே கால்மிதி, தரைவிரிப்பு எல்லாவற்றையும் சுருட்டி வையுங்கள்.

வெளியே கூட்டிப்போவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. கழுத்துப்பட்டையில் கயிறு மாட்டி, தினமும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய் ஐந்து நிமிடம் மரம் மாதிரி நில்லுங்கள். பேசாதீர்கள், விளையாடாதீர்கள். போகவில்லையா, சரி, உள்ளே வாருங்கள். ஆனால் அவிழ்த்துவிட வேண்டாம். கயிறு உங்கள் கையிலோ இடுப்பிலோ இருக்கட்டும். பத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அதே இடம். போய் முடித்த அந்த நொடியிலேயே பாராட்டும் தின்பண்டமும் கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் வந்து கொடுத்தால், உள்ளே வந்ததற்குத்தான் பரிசு என்று அது எடுத்துக்கொள்ளும். போனதும் உடனே உள்ளே இழுத்துவராமல் சற்று விளையாட விடுங்கள். இல்லாவிட்டால் 'போனால் ஆட்டம் முடிந்துவிடும்' என்று அடக்கிக்கொள்ளப் பழகிவிடும்.

தடுப்பூசிகள் முடியாத குட்டியை வேறு நாய்கள் நடமாடும் இடத்தில் இறக்க வேண்டாம். உங்கள் சொந்த இடத்திலேயே ஒரு மூலையை ஒதுக்குங்கள்.

கேள்வி: நாய் படுத்த இடத்தை அசிங்கப்படுத்தாது என்றார்கள். அதை நம்பிப் பெரிய கூண்டாக வாங்கினோம். ஒரு ஓரத்தில் போய்விட்டு மறு ஓரத்தில் நிம்மதியாகத் தூங்குகிறது!

குட்டி விதியைச் சரியாகத்தான் கடைப்பிடிக்கிறது. கூண்டுதான் இரண்டு அறை வீடாகிவிட்டது. எழுந்து நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு இடம் விட்டு மீதியைப் பலகை வைத்து அடையுங்கள். வளர வளரப் பலகையைத் தள்ளிவைத்தால் போதும், புதுக் கூண்டு வேண்டாம்.

ஆனால் சிறு கூண்டிலேயே அடைபட்டு, வேறு வழியில்லாமல் தன் கழிவின் மேலேயே படுத்து வளர்ந்த குட்டிகளுக்கு அந்த இயல்பான அருவருப்பு மழுங்கிப் போயிருக்கும். அவற்றிடம் இந்த முறை செல்லாது. அடிக்கடி வெளியே கொண்டுபோய் வெற்றிபெற வைப்பதுதான் வழி. மாதக்கணக்கில் ஆகலாம்.

கேள்வி: தினமும் சோப்புத்தூள் போட்டு மெத்தை உறையைத் துவைக்கிறேன், டெட்டாலும் ஊற்றுகிறேன். எனக்கு எந்த வாடையும் இல்லை. ஆனாலும் அதே இடம்தான்.

உங்கள் மூக்குக்கு இல்லை, அதன் மூக்குக்கு இருக்கிறது. இதில் நானும் ஏமாந்தவன்தான். எங்கள் வீட்டுக் குட்டியின் மெத்தை உறையை இரண்டு வாரம் சளைக்காமல் துவைத்தேன். ஒருநாள் உறையைக் கழற்றியபோது உள்ளே இருந்த பஞ்சைக் கையால் அழுத்திப் பார்த்தேன். விரல் இடுக்கில் மஞ்சளாகக் கசிந்தது. அதன் மேல்தான் தினமும் சலவை செய்த உறையை மாட்டிக்கொண்டிருந்தேன்.

சிறுநீரில் வாடை தரும் மிச்சம் சோப்புத் தண்ணீரில் முழுதாகப் போகாது. காய்ந்து கிடந்து, ஈரம் பட்டதும் மறுபடி வாடை கிளப்பும். அதை உடைக்க என்சைம் கலந்த க்ளீனர் வேண்டும். துடைத்துவிட்டு ஓடாமல், பாட்டிலில் சொன்ன நேரம் வரை ஊற விடுங்கள். என்சைமுக்கு அந்த நேரம் தேவை. ஏற்கெனவே கிருமிநாசினி ஊற்றிய இடமென்றால் முதலில் வெறும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள், கிருமிநாசினி என்சைமைக் கெடுத்துவிடும். அம்மோனியா கலந்த திரவம் வேண்டவே வேண்டாம், அதன் வாடையே சிறுநீரைத்தான் நினைவூட்டும். சிறுநீர் மேல் ப்ளீச்சும் ஊற்றக் கூடாது, கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் புகை வரும். பழைய கறை எங்கே என்று தெரியாவிட்டால் இரவில் விளக்கை அணைத்து புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். பார்த்தபின் தூக்கம் வராது, அதற்கு நான் பொறுப்பில்லை.

பஞ்சு வரை ஊறிய மெத்தையோடு போராடாமல் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: எத்தனை மணி நேரம் அடக்கும்? இரவில் எழுப்ப வேண்டுமா?

தோராயமான கணக்கு ஒன்று உண்டு: எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வருகிற மணி நேரம். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. இது பகலில் சும்மா ஓய்ந்திருக்கும்போது அதிகபட்சம். விளையாடும்போது அரை மணிக்கே வந்துவிடும். கணக்கைவிடச் சந்தர்ப்பம் முக்கியம். தூங்கி எழுந்ததும் உடனே, சாப்பிட்ட ஐந்திலிருந்து முப்பது நிமிடத்துக்குள், விளையாட்டின் நடுவே. வயிற்றில் உணவு விழுந்ததும் குடல் அசையத் தொடங்குவதால்தான் சாப்பாட்டுக்குப் பின் அவசரம். வேளை தவறாமல் சாப்பாடு போட்டால் மலமும் வேளையோடு வரும்.

அறிகுறி பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். கடித்துக்கொண்டிருந்த பொம்மையைச் சட்டென்று விட்டுவிட்டு, மூக்கைத் தரையோடு ஒட்டி, அரை வட்டம் போடும். பின்னங்கால் சற்று அகலும். அப்போது உங்களுக்கு இருப்பது இரண்டு, மூன்று நொடி. போனைக் கீழே வைத்துவிட்டுத் தூக்குங்கள்.

இரவில், ஆம், எழுப்புங்கள். எட்டு வாரக் குட்டிக்கு ஒரு முறை, சிலதுக்கு இரண்டு. அது அழுது எழுப்பும் முன் நீங்கள் அலாரம் வைத்து எழுவது நல்லது. விளக்கைப் பிரகாசமாகப் போடாமல், கொஞ்சாமல், போக வைத்துத் திரும்பப் படுக்க வையுங்கள். பெரும்பாலான குட்டிகள் நான்கு மாதத்தை ஒட்டி இரவு முழுக்கத் தாங்கும்.

கேள்வி: படுக்கப் போகும் முன் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடலாமா?

படுக்க ஒரு மணி நேரம் முன்பு எடுக்கலாம், அதுவும் நன்றாக இருக்கும் குட்டிக்கு, வெக்கை இல்லாத இரவில். பகலில் தண்ணீரைக் குறைக்கவே கூடாது.

கேள்வி: மூக்கைப் பிடித்து அதில் தேய்த்தால் ரோஷம் வரும் என்கிறார் என் மாமனார். அவரிடம் எப்படிச் சொல்வது?

ரோஷம் வராது, பயம் வரும். போய் சில நிமிடம் ஆனபின் கொடுக்கும் தண்டனையை அது முன்பு செய்ததோடு சேர்த்துப் பார்க்காது. மனிதர் முன் போனால் ஆபத்து என்று மட்டும் கற்றுக்கொள்ளும். அப்புறம் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போகும், வெளியே கயிற்றில் நீங்கள் நிற்கும்போது போகவே போகாது. "குற்றம் செய்த முகம்" என்று நாம் சொல்வது நம் முகத்தைப் பார்த்து அது அஞ்சுவதுதான். மாமனாரிடம் "இப்படிச் செய்தால் அப்புறம் கட்டிலுக்கு அடியில் போகும், மாமா, நாமதான் தேட வேண்டிவரும்" என்று சொல்லிப் பாருங்கள், தத்துவத்தைவிட இது எடுபடும்.

கேள்வி: ஐந்து மாதப் பெண் குட்டி. பகலில் எல்லாம் ஒழுங்காக வெளியே போகிறது. தூங்கி எழுந்தால் மட்டும் படுக்கையில் வட்டமாக ஈரம். பின்புறம் எப்போதும் நனைந்தே இருக்கிறது.

இதற்குப் பயிற்சி வேண்டாம், மருத்துவர் வேண்டும். எழுந்து, இடம் பார்த்து, குந்திப் போவது பழக்கம். தூக்கத்தில் தானாகக் கசிவது உடல் கோளாறு. பெண் குட்டிகளில் பிறவியிலேயே, சிறுநீரகத்திலிருந்து வரும் சிறுநீர்க் குழாய் சிறுநீர்ப்பையில் சேராமல் அதைத் தாண்டித் திறந்திருப்பது உண்டு. கோல்டன் ரெட்ரீவர், லாப்ரடார், சைபீரியன் ஹஸ்கி போன்ற இனங்களில் அதிகம் பார்க்கிறார்கள். ஸ்கேனில் தெரியும், அறுவை சிகிச்சையும் இருக்கிறது. சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். அப்படியென்றால் அடிக்கடி குந்தும், சொட்டுச் சொட்டாக வரும், அந்த இடத்தை நக்கிக்கொண்டே இருக்கும், சில சமயம் ரத்தமும் கலந்திருக்கும். காலையில் முதலில் போவதைச் சுத்தமான டப்பாவில் பிடித்து அன்றே கொண்டுபோனால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும். ஈரமான படுக்கையை எத்தனை நாளாகப் பார்க்கிறீர்கள் என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள்.

கேள்வி: நான் வேலைக்குப் போனால் எட்டு மணி நேரம் யாரும் இல்லை. என்ன செய்வது?

மூன்று மாதக் குட்டியால் எட்டு மணி நேரம் முடியாது. நடுவில் யாராவது வந்து வெளியே கூட்டிப்போக ஏற்பாடு செய்யுங்கள். அதற்கும் வழியில்லையென்றால் கூண்டில் பூட்டாமல் தடுப்பு போட்ட இடத்தில் விட்டு, படுக்கை ஒரு கோடியிலும் பேட் மறு கோடியிலும் வையுங்கள். பேடுக்குப் பழகினால் வெளிப்பழக்கம் தாமதமாகும், அது தெரிந்தே செய்யுங்கள். துணியை நாடுகிற குட்டிக்குப் பேடுக்குப் பதில் ஒரு தட்டில் புல்தரைத் துண்டு வைத்தால் குழப்பம் குறையும்.

கேள்வி: பத்து நாளாக ஒரு தப்பும் இல்லை. நல்ல மெத்தையைத் திருப்பிக் கொடுக்கலாமா?

அவசரப்படாதீர்கள். ஒரு மாதம் காய்ந்தே இருக்கட்டும். பிறகு வெளியே போய்விட்டு வந்த கையோடு, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது அரை மணி நேரம் மட்டும் போடுங்கள். உள்ளே தண்ணீர் இறங்காத உறை மாட்டியே போடுங்கள். நனைத்துவிட்டால் பழையபடி மெல்லிய துணி, இன்னும் இரண்டு வாரம்.