டீ டைமில் சொன்ன யோசனை, பேட்டன்டில் யார் பேர்?

கேள்வி: ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் 14 வருஷமாக கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசராக இருக்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை. உள்ளங்காலில் புண் வந்து ஆறாமல் கஷ்டப்பட்டார். அதைப் பார்த்துத்தான் எனக்குத் தோன்றியது: செருப்பின் இன்சோலைச் சின்னச் சின்னத் துண்டுகளாகச் செய்து, புண் இருக்கும் இடத்துத் துண்டை மட்டும் கழற்றிவிட்டால் அங்கே எடை விழாது இல்லையா? மூன்று வருஷத்துக்கு முன் டீ டைமில் மேனேஜரிடம் சொன்னேன். 'நல்லா கீதே' என்றார். அன்று ராத்திரியே பேப்பரில் வரைந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பிறகு டெவலப்மென்ட் செக்‌ஷனில் சாம்பிள் போட்டார்கள். இரண்டு தடவை என்னையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். போன மாசம் நெட்டில் பார்த்தால் பேட்டன்ட் விண்ணப்பம் கிடக்கிறது. கண்டுபிடித்தவர்கள் என்று மேனேஜர் பேரும் டிசைனர் பேரும் இருக்கின்றன. கேட்டால், 'இன்னாப்பா, டீ குடிக்கும்போது சொன்னதுக்கெல்லாமா பேர் போடுவாங்க?' என்கிறார். பணம்கூட வேண்டாம். யோசனை என்னுடையது. எனக்குப் பேர் கிடைக்க வழி உண்டா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஆம்பூர்)

பதில்:

உங்கள் மேனேஜர் சொன்னதில் டீயைப் பற்றிய பகுதி தப்பு. எங்கே சொன்னீர்கள் என்பது ஒரு கணக்கே இல்லை. என்ன சொன்னீர்கள், எவ்வளவு தூரம் சொன்னீர்கள் என்பதுதான் கணக்கு. அந்த இடத்தில் உங்கள் பக்கமும் பலவீனம் இருக்கலாம் என்பதால் அதையே முதலில் பேசிவிடுவோம்.

வெறும் யோசனைக்கு யாரும் சொந்தக்காரர் ஆக முடியாது. ஒரு நாடகத்தின் கருவை எடுத்து இந்திப் படம் செய்துவிட்டார்கள் என்று நாடகாசிரியர் ஆர்.ஜி.ஆனந்த் தொடுத்த வழக்கில், கருத்துக்கும் கருவுக்கும் பதிப்புரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்கே உண்டு என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பேட்டன்ட் வேறு சட்டம், ஆனால் இந்த விஷயத்தில் அதன் போக்கும் ஏறக்குறைய அதேதான். (இரண்டையுமே 'காப்புரிமை' என்று எழுதிக் குழப்புகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இங்கே பேட்டன்ட் என்றே வைத்துக்கொள்வோம்.)

நீங்கள் சொன்னதைப் பிரித்துப் பாருங்கள். 'புண் இருக்கும் இடத்தில் எடை விழக்கூடாது' என்பது தேவை. இது புதிதல்ல, அதுவும் உங்கள் ஊர்ப் பக்கத்தில். வேலூர் சி.எம்.சி.யில் 1940-களின் கடைசியிலிருந்து பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களையும் பாதங்களையும் அழிப்பது பெரும்பாலும் நோய் நேரடியாகச் செய்யும் வேலை அல்ல, வலி தெரியாத பாதத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமும் காயமும்தான் என்று காட்டினார். மெத்தென்ற செருப்பு வேண்டும் என்று சொல்ல ஒரு வரி போதும். ஆனால் எந்த ரப்பர், எவ்வளவு கெட்டி, எத்தனை மில்லிமீட்டர் கனம், அடியில் எதை ஒட்டினால் ஆணியும் முள்ளும் ஏறாது என்று ஒவ்வொன்றையும் பாதத்தில் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. வேலூரிலும் கரிகிரி மருத்துவமனையிலும் நடந்த அந்த வேலையின் வழியாக வந்ததுதான், இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் தைக்கிற எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு. அந்த ரப்பரின் கெட்டித்தன்மை ஷோர் அளவில் சுமார் 15 என்பார்கள். அதைவிட மெத்தென்று இருந்தால் சில வாரத்தில் அமுங்கித் தட்டையாகிவிடும். கெட்டியாக இருந்தால் சாதாரணச் செருப்புக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது.

அடுத்து, 'துண்டைக் கழற்றிவிடலாம்' என்பது வழி. இது உங்களுக்கு நீங்களாகவே தோன்றியது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் கழற்றக்கூடிய துண்டுகள் வைத்த இன்சோல்கள் வெளிநாட்டில் பல வருஷமாக விற்பனையில் இருக்கின்றன. பேட்டன்ட் சட்டத்துக்கு 'புதிது' என்றால் உலகத்துக்கே புதிதாக இருக்க வேண்டும். கம்பெனியில் முதலில் சொன்னவர், மாவட்டத்தில் முதலில் சொன்னவர் என்கிற கணக்கு அங்கே செல்லாது. ஆக, உங்கள் கம்பெனியின் விண்ணப்பமும் அந்த ஒற்றை யோசனையை வைத்து நிற்க முடியாது. வேறு ஏதோ ஒன்றைப் புதிது என்று கோரியிருப்பார்கள். அது என்ன என்று பார்த்தால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

ஏன் வேறு ஏதாவது இருந்தே ஆக வேண்டும் என்றால், இந்த இன்சோலில் ஒரு வில்லங்கம் உண்டு. புண்ணுக்கு அடியில் துண்டை எடுத்தால் குழி விழும். எடை குழியில் விழாது, ஆனால் குழியின் விளிம்பில் கூடுதலாக விழும். விளிம்பு கூராக இருந்தால் புண்ணைச் சுற்றி வளையமாக அழுத்தி, ஓரச் சதை குழிக்குள் பிதுங்கி வீங்கும். பழைய புண் ஆறுவதற்குள் பக்கத்தில் புதுப் புண் வந்துவிடும். இதைத் தவிர்க்கத் துண்டுகளின் ஓரத்தைச் சரிவாக வெட்டலாம், மேலே மெல்லிய உறை போடலாம், துண்டுகளை வெவ்வேறு கெட்டியில் செய்யலாம். நடக்கும்போது மற்ற துண்டுகள் நகராமல் பிடித்து வைப்பது இன்னொரு தலைவலி. கட்டிங்கில் 14 வருஷம் இருந்தவருக்கு இதில் ஏதாவது ஒன்று அன்றே தோன்றியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த வாட்ஸ்அப் படத்தில் ஓரம் சரிவாக வரைந்திருக்கிறீர்களா? துண்டின் அளவு எழுதியிருக்கிறீர்களா? டெவலப்மென்ட்டில் இரண்டு தடவை கூப்பிட்டபோது என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள்? முதல் நாள் டீ டைம் பேச்சைவிட அந்த இரண்டு நாள்தான் உங்களுக்கு முக்கியம்.

சரிபார்க்கும் முறை இது. பேட்டன்ட் அலுவலக இணையதளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டு முழு விவரக் குறிப்பை இறக்கிக்கொள்ளுங்கள், காசு இல்லை. விண்ணப்பம் போட்டு 18 மாதம் ஆனதும் பொதுவாக எல்லாமே வெளியிடப்பட்டுவிடும். படங்களையும் முன்கதையையும் பிறகு படிக்கலாம். கடைசியில் எண் போட்டு இருக்கும் உரிமைக் கோரிக்கைகளுக்கு, அதாவது க்ளெய்ம்களுக்குப் போங்கள். பேட்டன்டின் உயிர் அங்கேதான். முதல் க்ளெய்ம் பெரும்பாலும் மிகப் பரந்தது. அடுத்தடுத்தவை அதைக் குறுக்கிக்கொண்டே போகும். ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதி, பக்கத்தில் இரண்டு பத்தி போடுங்கள்: 'இதை நான் சொன்னேனா?', 'எப்போது, என்ன ஆதாரம்?' முதல் க்ளெய்மில் உள்ள புதிய அம்சம் ஒன்றாவது உங்கள் படத்திலோ பேச்சிலோ இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. கடைசி க்ளெய்மில் துணியின் நிறம் மட்டும்தான் உங்களுடையது என்றால் சிரமம். எதுவுமே பொருந்தாவிட்டால், மனசு கசந்தாலும் சட்டப்படி நீங்கள் கண்டுபிடிப்பாளர் இல்லை.

பொருந்துகிறது என்றால் வழி திறந்திருக்கிறது. 1970-ஆம் ஆண்டு பேட்டன்ட் சட்டத்தின் 28-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. கண்டுபிடிப்பையோ அதன் கணிசமான பகுதியையோ செய்தவர் நீங்கள், அதன் நேரடி விளைவாகத்தான் இந்த விண்ணப்பமே வந்தது என்று இரண்டையும் பேட்டன்ட் அலுவலகத்தில் முடிவெடுக்கும் அதிகாரியான கன்ட்ரோலர் ஏற்றுக்கொண்டால், பேட்டன்டில் உங்கள் பேர் ஏறும். படிவம் 8. கம்பெனியும் நீங்களும் சேர்ந்து கொடுத்தால் வேலை சுலபம். அவர்கள் மறுத்தால் நீங்கள் தனியாகவே உரிமை கோரலாம். அப்போது மற்றவர்களுக்கு நோட்டீஸ் போகும், விசாரணை நடக்கும். தமிழ்நாட்டு விண்ணப்பங்களைப் பார்ப்பது சென்னை கிண்டி அலுவலகம். ஒரே ஒரு கெடு உண்டு: பேட்டன்ட் வழங்கப்படுவதற்கு முன் கொடுத்துவிட வேண்டும்.

மேனேஜரின் பேருக்கும் இதே அளவுகோல்தான். கையெழுத்துப் போட்டவர், சாம்பிளுக்குப் பணம் ஒதுக்கியவர், 'நல்லா கீதே' என்றவர் யாரும் அதனாலேயே கண்டுபிடிப்பாளர் ஆகிவிட மாட்டார். பணம் போட்ட பங்காளி கண்டுபிடிப்பாளர் ஆக மாட்டார் என்று மைசூர் உயர் நீதிமன்றம் 1960-லேயே சொல்லியிருக்கிறது. ஆனாலும் அவர் பேரை நீக்கக் கேட்பதில் இறங்காதீர்கள் என்பதே எங்கள் ஆலோசனை. உங்கள் பேரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பது ஒரு கோரிக்கை. அவர் பேரை எடுக்கச் சொல்வது சண்டை. தினமும் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

பேரும் பணமும் வேறு வேறு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கண்டுபிடிப்பாளர் என்று பேர் ஏறுவதால் மட்டும் பேட்டன்டில் பங்கு வராது என்று அதே 28-ஆம் பிரிவு சொல்கிறது. தொழிலாளி கண்டுபிடித்தால் முதலாளிக்கே சொந்தம் என்று நம் பேட்டன்ட் சட்டத்தில் நேரடியான பிரிவும் கிடையாது. வேலை ஒப்பந்தமும் எழுத்தில் கொடுத்த உரிமை மாற்றமும்தான் அதைத் தீர்மானிக்கும். உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் பாருங்கள். வேலைக் காலத்துக் கண்டுபிடிப்புகள் கம்பெனிக்கே என்று ஒரு வரி இருக்கலாம். இருந்தாலும் பரவாயில்லை, உரிமை போனாலும் பேர் போகாது. அந்த வரி இல்லாவிட்டால்தான் கம்பெனிக்குச் சிக்கல். கண்டுபிடித்தவரிடமிருந்து உரிமை பெற்றதற்கான ஆதாரத்தை விண்ணப்பிப்பவர் காட்டியாக வேண்டும். நீங்களும் கண்டுபிடிப்பாளர் என்றால் உங்கள் கையெழுத்து இல்லாத விண்ணப்பம் ஓட்டை விழுந்த விண்ணப்பம். நாளை ஒரு போட்டிக் கம்பெனி எதிர்க்கும்போது அந்த ஓட்டை வழியாகத்தான் வருவார்கள்.

இதைத்தான் நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்ல வேண்டும், மிரட்டலாக இல்லாமல். மேனேஜரைத் தாண்டி, அவருக்கும் பிரதி போட்டு, ஒரு பக்கக் கடிதம்: எந்தத் தேதியில் என்ன அனுப்பினேன், அது எந்த எண் க்ளெய்மில் இருக்கிறது, படிவம் 8 சேர்ந்து கொடுக்கக் கேட்டுக்கொள்கிறேன். அவ்வளவே போதும். '14 வருஷம் உழைத்தேன்' என்பதெல்லாம் கடிதத்தில் வேண்டாம், க்ளெய்ம் எண்தான் பேச வேண்டும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் பேட்டன்ட் ஏஜென்ட் ஒருவரைப் பாருங்கள். சாதாரண சிவில் வக்கீல் இதற்குப் போதாது.

ஆதாரத்தில் பலர் கோட்டை விடுவார்கள். வாட்ஸ்அப்புக்கு ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்துவிட்டு போனை மாற்றிவிடாதீர்கள். அந்த உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து, போனையும் அப்படியே வைத்திருங்கள். மின்னணு ஆதாரத்தைக் கோர்ட்டில் காட்ட வேண்டி வந்தால் சாட்சியச் சட்டப்படி சான்று இணைக்க வேண்டும். அதற்கு மூலக் கருவி கையில் இருப்பது நல்லது. பேப்பரில் வரைந்த அசலைத் திருத்தாதீர்கள், மேலே தேதி எழுதிச் சேர்க்கவும் வேண்டாம். சாம்பிள் போட்டபோது கூட இருந்தவர்களிடம் அவர்களுக்கு ஞாபகம் இருப்பதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். டெவலப்மென்ட் செக்‌ஷன் கோப்பையோ வெட்டும் அச்சான டையையோ வீட்டுக்குக் கொண்டுவந்தால் கேஸ் உங்கள் மேல் திரும்பும். தனக்குத் தானே ரிஜிஸ்டர் தபால் அனுப்பிப் பிரிக்காமல் வைத்தால் உரிமை வரும் என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. அது தேதிக்கு ஒரு சாட்சியே தவிர உரிமை எதையும் தராது.

இன்னொரு யோசனை வந்தால் வாயால் சொல்வதற்கு முன் ஒரு பக்கம் எழுதுங்கள். என்ன பிரச்னை, எப்படித் தீர்கிறது, அளவு, பொருள், எங்கே உடையும், ஏன். படம் ஒன்று. தேதி, கையெழுத்து, கூட வேலை செய்பவர் ஒருவரின் சாட்சிக் கையெழுத்து. அதை மெயிலில் அனுப்பிவிட்டுப் பேசுங்கள். கட்டிங் கழிவில் ஒரு சாம்பிள் செய்துகொண்டு போனால் இன்னும் நல்லது. வேலை ஒப்பந்தம் தடுக்காவிட்டால் நீங்களே தற்காலிக விவரக் குறிப்போடு விண்ணப்பிக்கலாம். தனிநபருக்கு ஆன்லைன் கட்டணம் 1,600 ரூபாய். 12 மாதத்துக்குள் முழுக் குறிப்பைக் கொடுக்க வேண்டும், தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். பிறகு அலுவலகம் விண்ணப்பத்தை ஆராய்ந்து பார்க்கும் பரிசோதனைக்கு 4,000 ரூபாய். ஏஜென்ட் கூலி தனி. விண்ணப்பத்துக்கு முன் கண்காட்சியிலோ யூடியூபிலோ காட்டிவிட்டால் 'புதிது' என்பதே போய்விடும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். செருப்பின் வெளித்தோற்றம்தான் புதுமை என்றால் பேட்டன்ட் வேண்டாம், டிசைன் பதிவு போதும். 10 வருஷம், அப்புறம் 5 வருஷம் நீட்டிக்கலாம்.

க்ளெய்ம் பொருந்தாமல் போனால் என்ன கேட்பது என்றும் யோசித்து வையுங்கள். யோசனை உங்களுடையது என்று லெட்டர்ஹெட்டில் ஒரு சான்று கேட்கலாம். ஆனால் எங்களைக் கேட்டால், டெவலப்மென்ட் செக்‌ஷனுக்கு மாற்றம் கேளுங்கள். அம்மாவின் காலைப் பார்த்து இவ்வளவு யோசித்தவர் அந்த மேஜையில் இருந்தால், அடுத்த க்ளெய்மில் உங்கள் பேரை விட்டுவிடுவது யாருக்கும் அவ்வளவு சுலபம் இல்லை.

இதெல்லாம் ஆகும்வரை அந்த இணையதளத்தில் விண்ணப்பத்தின் நிலையை வாரம் ஒரு முறை பாருங்கள். பரிசோதனை அறிக்கை வந்து, கம்பெனி பதிலும் கொடுத்துவிட்டது என்று காட்டினால் பேட்டன்ட் எந்த நாளிலும் வழங்கப்படலாம். அப்படி இருந்தால் கடிதத்துக்குப் பதில் வரட்டும் என்று இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், படிவம் 8-ஐ முதலில் கொடுத்துவிடுங்கள்.