மெஷினாகிப் போன சி.சி. பணம்

கேள்வி: இன்ஜினீயரிங் முடித்து வங்கி அதிகாரியாகச் சேர்ந்த என்னைக் கடன் பிரிவில் போட்டிருக்கிறார்கள். பேலன்ஸ் ஷீட்டை எங்கிருந்து படிப்பது? ரேஷியோ ஃபார்முலாக்களை மனப்பாடம் செய்தால் போதுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஃபார்முலா அப்புறம். முதலில் அடுத்தடுத்த இரண்டு வருட பேலன்ஸ் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, மூன்றாவதாக வித்தியாசத்தைப் போடுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

தனிநபர் நடத்தும் ஒரு சிறிய பின்னலாடை யூனிட் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் லட்சத்தில். முதலீடு 40 இருந்தது 46 ஆகியிருக்கிறது. டேர்ம் லோன் (தவணையில் கட்டும் நீண்டகாலக் கடன்) 30 இருந்தது 24. சி.சி. (கேஷ் கிரெடிட்; அன்றாடத் தொழிலுக்கு லிமிட் வரை எடுத்துப் போடும் வங்கிக் கடன்) 50 இருந்தது 60. நூல் கடைக்காரர்களுக்குத் தர வேண்டியது 30 இருந்தது 48. எதிர்ப்பக்கத்தில் கட்டடமும் மெஷினும் 55 இருந்தது 78. சரக்கும் வரவேண்டிய பாக்கியும் தலா 45 இருந்தது 48. கையிருப்பு 5 இருந்தது 4. மொத்தம் 150, இப்போது 178.

நீண்டகாலப் பணம் எவ்வளவு கூடியது? முதலீட்டில் 6 ஏறி, டேர்ம் லோனில் 6 இறங்கியதால் ஒன்றுமில்லை. ஆனால் மெஷின் கணக்கு, தேய்மானம் போகவே, 23 ஏறியிருக்கிறது. சி.சி.யில் 10, நூல் பாக்கியில் 18 என்று குறுகிய காலப் பணம் 28 வந்திருக்கிறது. அதில் 5 மட்டுமே சரக்குக்கும் வரவேண்டிய பாக்கிக்கும் போனது. மீதி 23 மெஷினாகிவிட்டது. நூல்காரர் 60 நாளில் பணம் கேட்பார். மெஷின் போட்ட பணத்தை எடுத்துக் கொடுக்க வருடக்கணக்காகும்.

இப்போது ரேஷியோவைப் போட்டால் அதற்கு அர்த்தம் புரியும். ஆடிட்டர் தந்த தாளில் நடப்புச் சொத்து (சரக்கு, வரவேண்டிய பாக்கி, கையிருப்பு) 100, நடப்புக் கடன் (சி.சி., நூல் பாக்கி) 108; முன்னதைப் பின்னதால் வகுத்தால் கரண்ட் ரேஷியோ 0.93. அடுத்த 12 மாதத்தில் கட்ட வேண்டிய டேர்ம் லோன் தவணை 6-ஐயும் நீங்கள் நடப்புக் கடனில் சேர்க்க வேண்டும். அப்போது 0.88. போன வருடம் இதே கணக்கில் 1.10. பல வங்கிகள் எதிர்பார்க்கும் 1.33, வங்கிக் கடன் பற்றி ரிசர்வ் வங்கி அமைத்த டாண்டன் கமிட்டியின் 2-வது முறையிலிருந்து வந்தது: நடப்புச் சொத்தில் கால்பங்கு நீண்டகாலப் பணத்திலிருந்து வர வேண்டும், அதாவது 100-க்கு 75. இந்த விதியை வங்கிகளின் விருப்பத்துக்கே ரிசர்வ் வங்கி 1997-ல் விட்டுவிட்டது. எண் மட்டும் போகவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே யூனிட்டின் கடன் திருப்பும் திறன், அதாவது டி.எஸ்.சி.ஆர்., பிரமாதமாக இருக்கும். லாபம் 14, தேய்மானம் 9, டேர்ம் லோன் வட்டி 3, கூட்டினால் 26. கட்ட வேண்டியது தவணை 6, வட்டி 3. 26-ஐ 9-ஆல் வகுத்தால் 2.89. இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவார்கள். லாபம் 14 என்றால் முதலீடு ஏன் 6 மட்டும் கூடியது? முதலாளி வீட்டுச் செலவுக்கும் வருமான வரிக்கும் 8 எடுத்திருக்கிறார். தனிநபர் தொழிலில் வருமான வரி பெரும்பாலும் லாப நட்டக் கணக்கில் வராது, முதலீட்டுக் கணக்கில்தான் கழியும். அந்த 8-ஐயும் 26-ல் கழித்து வகுத்தால் 2.00. அப்போதும் நல்ல எண்தான். ஆகவே தொழிலில் குறையில்லை, பணம் போட்ட விதத்தில்தான் கோளாறு. சி.சி. லிமிட்டை உயர்த்தினால் அந்தப் பணமும் நூல்காரரின் பழைய பாக்கிக்கே போகும். மெஷினுக்கு முறையாக டேர்ம் லோன் கொடுத்து, அந்தத் தொகையால் பாக்கியைக் குறைக்க வைப்பதே என் யோசனை.

கேள்வி: கடையில் 20 லட்சத்துக்குச் சரக்கு இருக்கிறது. சி.சி.யில் 9 லட்சம்தான் எடுக்கலாம் என்கிறது வங்கி. இது நியாயமா?
– வாசகர், கரூர்

பதில்: வங்கிக்கு நீங்கள் தரும் சரக்குப் பட்டியலில், அதாவது ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில், கடனுக்கு வாங்கிய சரக்கின் பாக்கி 8 லட்சம் இருக்கும் என்று நினைக்கிறேன். பணம் கொடுத்து வாங்கிய சரக்குக்கு மட்டும்தான் வங்கி பணம் தரும். 20-ல் 8 போனால் 12, அதில் 25% மார்ஜின் (நீங்கள் போட வேண்டிய பங்கு) கழித்தால் 9. அதுதான் டிராயிங் பவர், அதாவது அப்போதைக்கு நீங்கள் எடுக்கக்கூடிய தொகை. வரவேண்டிய பாக்கியையும் காட்டுங்கள். பல வங்கிகள் 90 நாளுக்கு உட்பட்ட பாக்கியை, கூடுதல் மார்ஜின் கழித்துச் சேர்த்துக்கொள்ளும். மேலே சொன்ன ஈரோட்டு வாசகரும் இதைக் கவனிக்கலாம்: அந்த யூனிட்டில் சரக்கு 48, நூல் பாக்கியும் 48. சரக்கின் பேரில் டிராயிங் பவர் பூஜ்யம்! சி.சி. நிலுவை டிராயிங் பவருக்கு மேல் தொடர்ந்து 90 நாள் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். ஸ்டேட்மென்ட்டை மாதாமாதம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: 20 லட்சம் சி.சி. கேட்டேன். வருட விற்பனை 1 கோடி காட்டச் சொல்கிறார்கள். ஏன்?
– வாசகர், சிவகாசி

பதில்: இது சிறு தொழில் கடன் பற்றி ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் கமிட்டி சொன்ன முறை. எதிர்பார்க்கும் விற்பனையில் 25% நடைமுறை மூலதனம் (அன்றாடத் தொழிலுக்கு வேண்டிய பணம்) என்று கொண்டு, 20% வங்கி, 5% நீங்கள். சிறு தொழில்களுக்கு 5 கோடி லிமிட் வரை இதுதான் வழக்கம். உங்கள் பங்கு 5 லட்சம் பேலன்ஸ் ஷீட்டில் நிஜமாகவே இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் 60 லட்சம் வைத்துக்கொண்டு அடுத்த வருடம் 1 கோடி என்று எழுதினால் எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார். கையில் ஆர்டர் இருந்தால் அதன் நகலை விண்ணப்பத்தோடு இணையுங்கள்.