மலைமேல் வெள்ளை ஊர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அண்ணே, மகன் மாட்ரிட்டில் வேலை பார்க்கிறான். மே மாதம் நாங்கள் போகிறோம், அதில் இரண்டு நாள் தெற்கு ஸ்பெயினில் கடலோர நகரமான மாலகாவில் தங்கல். மலைமேல் வெள்ளை வெளேரென்று இருக்கிற ஊர்களில் ரோண்டா, செத்தெனில், மிஹாஸ், ஃப்ரிஹிலியானா நாலையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று மருமகள் பட்டியல் போட்டு வைத்திருக்கிறாள். ஆகுமா? (பள்ளத்தூர் வாசகி)

பதில்: ஆகாது ஆச்சி. மருமகளிடம் முதலில் வரைபடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ரோண்டாவும் செத்தெனிலும் மாலகாவுக்கு மேற்கே உள்நாட்டில், ரோண்டா மட்டுமே சுமார் 100 கிலோமீட்டர். ஃப்ரிஹிலியானா நேர் எதிர்ப்பக்கம், கிழக்கே. மிஹாஸ் தென்மேற்கு. நாலையும் கோத்தால் நாள் முழுக்க ரோடுதான் தெரியும், ஒவ்வோர் ஊரிலும் இறங்கி ஒரு போட்டோ, திரும்ப ஏறு, அவ்வளவுதான்.

ஒரு நாளுக்கு ஓர் ஊர். என்னைக் கேட்டால் ஃப்ரிஹிலியானா. மாலகா பஸ் நிலையம் ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது, அங்கிருந்து நெர்ஹா என்ற கடலோர ஊருக்கு பஸ், ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், நிறுத்தி நிறுத்திப் போகிற பஸ்ஸில் ஏறினால் ஒன்றரை மணி நேரம் வரை இழுக்கும். நெர்ஹாவில் இறங்கி உள்ளூர் பஸ் பிடித்தால் மலையேறி கால் மணி, இருபது நிமிடத்தில் ஊர் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், பஸ் குறைவு. மலையிலிருந்து இறங்கும் கடைசி பஸ் எப்போது என்பதை இறங்கின உடனே அங்கேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தவறவிட்டால் டாக்சிதான்.

மாலகாவில் காலை எட்டரைக்குக் கிளம்பினால் பதினொரு மணிக்குள் ஊருக்குள் இருப்பீர்கள். பழைய பகுதிக்குள் நுழைந்ததும் சந்து, படி, சந்து, படி என்று மேலே போய்க்கொண்டே இருக்கும், எங்கே திரும்பினாலும் சுண்ணாம்புச் சுவரும் பூந்தொட்டியும்தான். சுவர்களில் ஆங்காங்கே பீங்கான் ஓட்டுப் பலகைகள் பதித்திருப்பார்கள், அவற்றை நின்று பாருங்கள். மூர் (ஒரு காலத்தில் அந்தப் பகுதியை ஆண்ட முஸ்லிம்கள்) வம்சத்தில் வந்து கிறிஸ்தவராக மாற்றப்பட்ட மக்கள் கலகம் செய்ததும், 1569-இல் அந்த ஊருக்கு மேலே இருக்கிற பாறைமலையில் நடந்த சண்டையில் தோற்றதும் அந்தப் பலகைகளில் வரிசையாக இருக்கிறது. வந்தவர்களில் பாதிப்பேர் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பவர் குறைவு.

இரண்டு மணி வாக்கில் கடைகள் பலவும் கதவைச் சாத்தும், ஐந்து மணி ஆகும் திறக்க. அந்த நேரத்தில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிடுங்கள், சரியாக இருக்கும். வெயில் தணிந்த பிறகு இன்னொரு சுற்று நடந்துவிட்டுக் கீழே இறங்கலாம். நேரம் மிச்சமிருந்தால் நெர்ஹாவில் கடலைப் பார்த்தபடி இருக்கிற ‘ஐரோப்பாவின் பால்கனி’ மேடையில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு பஸ் ஏறுங்கள். நெர்ஹா குகை 1959-இல் கண்டுபிடிக்கப்பட்டது, பெரியது, பார்க்க வேண்டியதுதான், ஆனால் அதையும் அதே நாளில் திணிக்காதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, முழங்கால் வலி. அவர்களையும் கூட்டிப் போகலாமா? (தேவகோட்டை வாசகர்)

பதில்: ஃப்ரிஹிலியானா வேண்டாம். நம் குன்றக்குடி மாதிரி ஒரே மூச்சாக ஏறி முடிந்துவிடுகிற படி இல்லை அது, ஏறி இறங்கி மறுபடி ஏறணும், கூழாங்கல் பதித்த தரை வேறு. மிஹாஸுக்குக் கூட்டிப் போங்கள். மாலகாவிலிருந்து புறநகர் ரயில் விமான நிலையம் வழியாகவே ஃபுவென்ஹிரோலா வரை போகிறது, முக்கால் மணி நேரம். அங்கிருந்து மலைக்கு பஸ். ஊரின் மையப்பகுதி ஓரளவு சமதளம், உட்கார பெஞ்ச் இருக்கிறது, அங்கிருந்தே கடல் தெரியும். கழுதை வண்டி, கழுதை சவாரி என்று கூப்பிடுவார்கள், அந்த ஊரின் பழைய அடையாளம் அது. எனக்கு அதில் விருப்பமில்லை, வெயிலில் வரிசையாகக் கட்டி வைத்திருப்பதைப் பார்க்கச் சகிக்காது. எந்த ஊரானாலும் ரப்பர் அடி உள்ள ஷூ போடச் சொல்லுங்கள், செருப்பு வழுக்கும்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டுச் சுவரும் சுண்ணாம்புதான், முகம் தெரிகிற மாதிரி பளபளக்கும். அந்த ஊர்ச் சுவர்களும் அதே வேலைதானா? (கானாடுகாத்தான் வாசகர்)

பதில்: சரக்கு ஒன்று, வேலை வேறு. நம்மூரில் சுண்ணாம்பை அரைத்து, கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, பூச்சுமேல் பூச்சாகப் பூசித் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். ஒருமுறை செய்தால் பரம்பரைக்கும் நிற்கும். அங்கே மெருகு கிடையாது. நீர்த்த சுண்ணாம்பைத் தண்ணீராகக் கரைத்து வீட்டுக்காரர்களே அடிப்பது வழக்கம், வெளுப்பு மங்கினால் மறுபடி அடிப்பார்கள், அதனால் பழைய சுவர்களில் பூச்சு ஏறி ஏறி மூலைகளே மழுங்கிப் போயிருக்கும். வெயிலைத் திருப்பி அனுப்பும், கிருமி அண்டாது. இரண்டுக்குமாகத்தான் அந்த வெள்ளை. செவில் மாகாணத்தில் மோரோன் என்ற ஊரில் பழைய முறைச் சூளையில் சுண்ணாம்பு சுடும் தொழிலை மீட்டெடுத்திருக்கிறார்கள், அந்த முயற்சியை 2011-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. இங்கே பழைய சுவரைச் சுரண்டி எமல்ஷன் அடிக்கிறவர்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

கேள்வி: காரை வாடகைக்கு எடுத்து நானே ஓட்டலாமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: ஓட்டலாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், நம் லைசென்ஸும் கூடவே இருக்கணும். வண்டி வலப்பக்கம் போகிற நாடு, ஸ்டியரிங் இடப்பக்கம். ஃப்ரிஹிலியானா, மிஹாஸ் இரண்டுக்கும் கார் தேவையே இல்லை. பாறைக்கு அடியில் வீடு கட்டியிருக்கிற செத்தெனில், அணைநீரைப் பார்த்து நிற்கிற சாஹாரா மாதிரி ஊர்களுக்கு கார்தான் வசதி. கூகுள் மேப் காட்டுகிறதே என்று சந்துக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள், பின்னால் எடுப்பதற்குள் வேர்த்துவிடும். ஊர் வாசலில் இருக்கிற பார்க்கிங்கில் போட்டுவிட்டு நடங்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பட்டினிதானா? (கோட்டையூர் வாசகி)

பதில்: பட்டினி இல்லை ஆச்சி, ஆனால் விசாரித்துத்தான் சாப்பிடணும். ‘கறி வேண்டாம்’ என்றால் மீனைக் கொண்டுவந்து வைப்பார்கள், சாலட்டில் டூனா இருக்கும், சால்மோரெஹோ என்ற குளிர்ந்த தக்காளிக் கூழின் மேல் பன்றி இறைச்சித் துருவலும் முட்டையும் தூவுவார்கள். ‘நோ கோமோ கார்னே நி பெஸ்காதோ’ (No como carne ni pescado) என்று ஒரு சீட்டில் எழுதி வைத்துக் காட்டுங்கள், கறியும் மீனும் சாப்பிடமாட்டேன் என்று அர்த்தம்.

அஹோபிளாங்கோ கேளுங்கள். பாதாம், பூண்டு, ரொட்டி, ஆலிவ் எண்ணெய் சேர்த்து அரைத்த குளிர்ந்த சூப், மேலே திராட்சை போட்டு வரும். அப்புறம் கத்தரிக்காயைப் பொரித்து மேலே கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள். ஃப்ரிஹிலியானாவிலேயே அந்தப் பாகு காய்ச்சுகிற ஆலை இருக்கிறது, ஊர் வாசலில் பெரிய பழைய கட்டடம், பாட்டிலில் வாங்கியும் வரலாம், பெட்டிக்குள் போட்டு செக்-இன் செய்யணும், கைப்பையில் விடமாட்டார்கள். ஒரே சங்கடம், மீன் பொரித்த எண்ணெயிலேயே கத்தரிக்காயையும் போடுகிற கடை உண்டு, அதைக் கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள். ஒரு மணிக்கு முன்னால் பல அடுப்படிகள் திறக்காது, அதனால் காலைச் சாப்பாட்டை மாலகாவிலேயே முடித்துக்கொண்டு பஸ் ஏறுங்கள்.