உருளைக்கிழங்கு வறுவல் சட்டியில் ஒட்டுவது ஏன்?

காலையில் முட்டை போட்ட உருளைக்கிழங்கு வறுவல் செய்தால் மொறுமொறுப்பாக வராமல் சட்டியில் ஒட்டிக் குழைகிறது என்கிறீர்கள். மாவுச்சத்தும் ஈரமும்தான் காரணம்.

சிறு துண்டுகளாக வெட்டி, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். உப்புத் தண்ணீரில் 5 நிமிடம் வேகவைத்து வடித்து, துணியில் பரப்பி ஆறவிடுங்கள். மேலே ஈரம் இருக்கும்வரை கிழங்கின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, சிவக்காது.

எங்கள் மார்த்தாண்டம் பக்கம் தேங்காய் எண்ணெய்தான். இரும்புச் சட்டி நன்றாகக் காய்ந்தபிறகு ஊற்றி, கிழங்கை ஒரே அடுக்காகப் போட்டு, 4 நிமிடம் கை வைக்காதீர்கள். அடி சிவந்தால் தானே விட்டு வரும். சும்மா கிண்டிக்கொண்டே இருப்பதுதான் தப்பு (என் வீட்டிலும் நடப்பதுதான்).

அப்புறம் சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), கறிவேப்பிலை, இடித்த நல்லமிளகு. நடுவில் குழி விட்டு முட்டையை உடைத்து ஊற்றி மூடுங்கள். உருளைக்குப் பதில் மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) என்றால் முழுக்க வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் வறுக்க வேண்டும்.